தரங்கம்பாடியில் சீகன்பால்கு கண்ட நம்பிக்கை

தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கடவுள்மேல் வைப்பதும் நம்பிக்கை; நாளை நல்லது நடக்கும் என்று காத்திருப்பதும் நம்பிக்கை. புராட்டஸ்டண்டுத் தமிழர்கள் முன்னதை 'விசுவாசம்' என்றும் பின்னதை 'நம்பிக்கை' என்றும் பிரித்து வழங்குகிறார்கள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியமோ முன்னதையே 'நம்பிக்கை' ஆக்கிவிட்டு, பின்னதற்கு 'எதிர்நோக்கு' என்ற சொல்லைத் தந்தது. நான் இந்து. கிறிஸ்துவத் தமிழ் பற்றிய ஒரு பாடத்திற்காகப் படித்தபோதுதான் இந்த வேறுபாடு என் கண்ணில் பட்டது. இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் எப்படித் தனித்தனியே இயங்கின என்று பார்க்க விரும்பி, பர்த்தலோமேயு சீகன்பால்குவின் வரலாற்றைக் கையில் எடுத்தேன். விசுவாசத்தை அவர் ஜெர்மனியிலிருந்தே கொண்டு வந்தார். நம்பிக்கையைத் தரங்கம்பாடியில்தான் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது என்பது என் கருத்து.

சீகன்பால்கு 1682இல் சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆணைப்படி, நண்பர் புளுட்சோவுடன் கப்பலேறி 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். மன்னர் அனுப்பிய ஆட்கள் என்றால் மாலை மரியாதையோடு வரவேற்றிருப்பார்கள் என்று நாம் நினைப்போம். நடந்ததோ வேறு. அங்கிருந்த டேனிஷ் வணிகக் கம்பெனிக்குச் சமய ஊழியர்கள் வேண்டாத விருந்தாளிகள். கோட்டைத் தளபதி ஹாசியஸ் முதல் நாளிலிருந்தே முகம் கொடுக்கவில்லை. தாயகத்திலிருந்து முதலில் வந்த பணம் கரை சேருமுன் கடலோடு போயிற்று. ஒரு விதவைப் பெண்ணின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசப்போய்த் தளபதியோடு மோதல் முற்றி, 1708 நவம்பரில் சீகன்பால்கு கோட்டைக்குள் சிறை வைக்கப்பட்டார். நான்கு மாதம் உள்ளே இருந்தார். அவரை அடைத்தவர்கள் தமிழர்கள் அல்லர். அவருடைய சொந்த சமயத்தவர்களே. வெளிநாட்டு ஊழியம் என்றதும் அந்நிய மக்களின் எதிர்ப்பைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். இந்த வரலாற்றில் அது பாதி உண்மைகூட இல்லை.

அப்படியானால் அவரைத் தாங்கியது எது? தமிழ் கற்றதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வயது முதிர்ந்த திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவருடைய மாணவர்களான சிறுபிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி அகர வரிசையைக் கற்றார். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர் 'அ' போடப் பழகும் குழந்தையாக மாறியதை நினைத்துப் பாருங்கள். போர்த்துக்கீசியம் அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக அமைந்தார். அந்த உதவிக்கு அழகப்பன் கொடுத்த விலை பெரிது. தளபதியால் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, பிறகு தஞ்சை அரசிடமும் சிறைப்பட்டார். ஊழியரின் துன்பத்தைப் பக்கம் பக்கமாக எழுதும் நூல்கள் இவரை ஓரிரு வரியில் கடந்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சங்கடமான செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆரம்ப நாட்களில் சீகன்பால்கு ஊர்ப்புறக் கோயில் ஒன்றில் மண் சிலைகளைத் தள்ளி உடைத்தார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அப்போது அங்கிருந்த தமிழர் ஒருவர், இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்கள் என்று விளக்கினார். எதை உடைக்கிறோம் என்று தெரியாமலேயே உடைத்திருக்கிறார்! இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தத் தமிழரின் பதிலை மறைக்காமல் எழுதி வைத்ததும் அதே கைதான்.

அதன்பின் அவர் ஓலைச்சுவடிகளைத் தேடலானார். கணவனை இழந்த பிராமணப் பெண்களிடம் ஆளனுப்பி, பரணில் கிடந்த சுவடிகளை விலைக்கு வாங்கினார். தாம் சேர்த்தும் படித்தும் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு 1708இல் ஓர் அட்டவணை எழுதினார். திருக்குறளும் அதில் உண்டு. உருவ வழிபாட்டைச் சாடும் சிவவாக்கியரின் பாடல்கள் அவரை மிகவும் கவர்ந்தன. கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா ஆகியவற்றை அதே ஆண்டில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர்கள் காட்டுமிராண்டிகள் என்ற ஐரோப்பியரின் எண்ணம் தவறு என்று தாயகத்துக்கு எழுதவும் செய்தார். பிறகு அவரும் சக ஊழியர் குருண்ட்லரும் தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிக் கடிதவழிப் பதில் பெற்றனர். அப்பதில்களில் 99 கடிதங்கள் ஹாலேயில் அச்சாயின. கிறிஸ்தவர்களின் குடிப்பழக்கத்தையும் ஒழுக்கக்கேட்டையும் தமிழர்கள் அவற்றில் கண்டித்திருக்கிறார்கள். தம் சமயத்தாரைப் பற்றிய குறைகளைத் தம் நாட்டிலேயே அச்சாகவிட ஒருவருக்குத் துணிவு வேண்டும். தம் விசுவாசத்தின் மேல் ஐயம் உள்ளவரால் அது முடிந்திருக்காது.

அச்சுக்கூடம் பற்றி நம் மாணவர்கள் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. இந்தியாவில் தமிழை முதலில் அச்சிட்டவர் சீகன்பால்கு அல்லர்; 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. சீகன்பால்குவின் பெருமை, இந்திய மொழி ஒன்றில் முதன்முதலாகப் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சில் கொண்டு வந்தது. நான்கு நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும், எஞ்சியவை 1715இலும் முடிந்தன. ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவை. காகிதமோ போதவில்லை. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். வேதத்தின் மேல் விசுவாசம் உள்ளவர் ஜெபித்துவிட்டுக் காத்திருக்கலாம். ஈயத்தை உருக்கி எழுத்தைச் சிறிதாக்கியதை நான் நம்பிக்கை என்பேன்.

ஐரோப்பா சென்று திரும்பிய காலத்தில், 1716இல், லத்தீனில் எழுதிய அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலேயில் வெளியானது. அப்பயணத்தில் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றிருந்தார். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழும்பியது. ஆனால் இறுதி ஆண்டுகளில் விழுந்த அடி முன்னையவற்றைவிடக் கொடியது. கோபன்ஹேகனில் மிஷன் சங்கச் செயலாளராக இருந்த வெண்ட், ஊழியர்கள் ஆதி அப்போஸ்தலர்கள்போல் எளிமையாகச் சுற்றித் திரிய வேண்டும், கட்டடமும் பள்ளியும் எதற்கு என்ற போக்கில் கடுமையாக எழுதினார். சிறையைத் தாங்கிய மனம் இந்தக் கடிதங்களைத் தாங்கத் திணறியது. ஏற்கனவே நோயால் நலிந்திருந்த சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23ஆம் நாள் காலமானார். அப்போது வயது 36. அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டே குருண்ட்லரும் மறைந்தார்.

பழைய ஏற்பாட்டை ரூத் நூல் வரையில்தான் அவரால் மொழிபெயர்க்க முடிந்தது. எஞ்சியதைப் பின்னர் வந்த சூல்ட்சே முடித்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த பெருநூலுக்கு அந்த வாய்ப்பும் விரைவில் கிடைக்கவில்லை. புறச்சமயத்தை வேரறுக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்ற எண்ணத்தோடு ஹாலேயின் தலைவர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். கையெழுத்துப்படி அங்கேயே கிடந்தது. 154 ஆண்டுகள் கழித்து, 1867இல், சென்னையில் அது அச்சேறியது.