ஆழம் மேலிருந்து தெரியாது

அன்புள்ள தம்பிக்கு,

6 மி.மீ. ஸ்டீல் தகட்டைப் பெவல் போடாமல், ஒரே பாஸில் டிக் வெல்டிங்கில் அடிவரை உருக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் கரண்ட்டை மட்டும் கூட்டிப் பயனில்லை. உருகிய உலோகக் குளம் அகலும், ஆழம் அந்த அளவுக்கு இறங்காது. சாதாரண டிக்கில் ஒரு பாஸுக்கு 3 மி.மீ. அளவில்தான் நிற்கும்.

1960களில் கீவ் நகரின் பேட்டன் நிறுவனத்தில் இதற்கு வழி கண்டார்கள். இன்று ஸ்டீலுக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, சிலிக்கா போன்ற பொடிகளை அசிட்டோனில் குழைத்து, ஜாயின்ட் மேல் மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் ஆர்க் அடிக்கிறார்கள். நம் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இப்படி ஃபிளக்ஸ் உருவாக்கியிருக்கிறது.

பொடி என்ன செய்கிறது? உருகிய இரும்பின் பரப்பு இழுவிசை, சூடு ஏற ஏறக் குறையும். அதனால் உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடிச் சூட்டை அங்கே சேர்க்கும். ஃபிளக்ஸிலிருந்து சிறிது ஆக்சிஜன் கலந்தால் ஓட்டம் திரும்பும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து கீழே பாயும். ஆர்க் குறுகுவதும் கைகொடுக்கும்.

‘சிறிது’ என்பதை மறக்காதே. தடிமனாகப் பூசினால் ஆக்சிஜன் மிஞ்சி ஆழம் மறுபடி குறையும். வெல்டின் அடி தாங்கும் திறனும் கெடலாம். ஸ்டீலில் இருக்கும் கந்தகமும் ஓட்டத்தை இதேபோல் திருப்பும். ஆகவே ஒரு லாட் தகட்டில் பிடித்த செட்டிங் அடுத்த லாட்டிலும் அதே ஆழம் தரும் என்று நம்பாதே.

கிரைண்ட் செய்து துரு, எண்ணெய் நீக்கிவிட்டுப் பூசு. ஈரம் காயாமல் ஆர்க் அடித்தால் அசிட்டோன் தீப்பிடிக்கும். புகையை உறிஞ்சும் ஃபேன் ஓடட்டும். மேலே படியும் ஸ்லாக்கைச் சுத்தமாகத் தேய்த்து எடு.

பீம், தூண் போன்ற சுமை தாங்கும் வேலை என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் (ஏடபிள்யூஎஸ்) டி1.1 விதியில் டிக் முறைக்கு முன்தகுதி கிடையாது. சோதித்துத் தகுதி பெற்ற செயல்முறை கட்டாயம். சோதனைத் துண்டை அறுத்து, பாலிஷ் செய்து, நைட்டால் என்ற அமிலக் கரைசலைத் தடவி ஆழத்தை அளந்து பார். பெண்ட் டெஸ்ட்டும் செய். தகடு, ஃபிளக்ஸ், செட்டிங் எது மாறினாலும் திரும்பச் செய்.

மேலே வெல்ட் பீட் அழகாக இருப்பதைப் பார்த்து ஆழத்தைச் சொல்லாதே. அறுத்துப் பார்க்காத ஆழத்தை ரிப்போர்ட்டில் எழுதாதே.

அன்புடன்,
உன் அண்ணன்