கொட்டகைக் கதவு தொய்யாதிருக்க

சென்ற ஐப்பசி மழையில் நம் சங்கக் கொட்டகையின் கதவு தொய்ந்து தரையில் உராய்ந்தது. தூக்கிப் பிடித்தாலன்றிச் சாத்த இயலவில்லை. சந்து வழியே எலி புகுந்து விதைக்கடலை மூட்டைகளைக் கடித்தது. நூற்கட்டுகள் சாரலில் நனைந்தன. பலகை உளுக்கவில்லை, கீலும் ஒடியவில்லை. கழற்றிப் பார்த்தபோதே பிழை விளங்கிற்று: சாய்வுச் சட்டத்தை மாற்றித் தைத்திருந்தோம்.

காரணம்

கதவு ஒரு பக்கம் மட்டுமே கீலில் தொங்குவது. மறுபக்கத்தின் பாரம் அதனை ஓயாமல் கீழே இழுக்கும். நாற்கோணம் எளிதில் கோணும், முக்கோணம் கோணாது. ஆகவே சாய்வுச் சட்டத்தின் கீழ்முனை கீல் பக்கத்திலும், மேல்முனை தாழ்ப்பாள் பக்கத்திலும் அமைதல் வேண்டும். அப்போது சட்டம் முட்டுக்கழிபோல் நின்று பாரத்தைக் கீலுக்கு இறக்கிவிடும். மாற்றித் தைத்தால் பாரம் முழுவதும் ஆணிகளை இழுக்கும். துளைகள் அகன்று கதவு தொய்யும்.

செய்முறை

3½ அடி அகலமும் 6½ அடி உயரமுமுள்ள கதவுக்கு, நன்கு உலர்ந்த வேம்பு அல்லது வேங்கையில் 1 அங்குலக் கனப் பலகைகள் போதும். மழையில் மரம் அகலவாட்டில் பருக்கும். நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. ஆதலால் பலகைகளின் ஓரங்களைப் பாதிக் கனத்துக்குச் செதுக்கி ஒன்றன்மேலொன்று படியவைத்து, இடையே ஒரு காசின் கனம் இடம் விடுக.

மேலும் கீழும் நடுவிலும் மூன்று குறுக்குச் சட்டங்களை உட்புறம் வைக்கவேண்டும். வெளியே வைத்தால் அவற்றின்மேல் மழைநீர் தங்கும். மூலைக்கு மூலை கயிறு பிடித்து, இரண்டு அளவும் ஒத்திருப்பதைக் கண்டபின்னரே ஆணி அடிக்க. 2½ அங்குல ஆணிகளை அடித்து, மறுபுறம் நீண்ட முனைகளை மடக்குக. குறுக்குச் சட்டங்களுக்கு இடையே இரண்டு சாய்வுச் சட்டங்களை, முனைகள் இறுக முட்டி நிற்குமாறு வெட்டிப் பொருத்துக. பட்டைக்கீல்களைக் குறுக்குச் சட்டம் உள்ள இடத்திலேயே, பலகையையும் சட்டத்தையும் ஊடுருவும் போல்ட்டுகளால் முடுக்கவேண்டும்.

கால் அங்குலச் சந்து இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும். அதற்கும் குறைவாகவே கீழ்ச்சந்து இருக்கட்டும். அடியோரத்தில் ஓரடி உயரத்துக்குத் தகரம் அடிப்பது நன்று.

நம் பழைய கதவை நேர்செய்யப் புதுமரம் வேண்டியிருக்கவில்லை. தொய்ந்த பக்கத்தை ஆப்பு வைத்து உயர்த்தி, அதே சட்டங்களைத் திருப்பித் தைத்தோம். கார்த்திகை மழையிலும் கதவு ஒரு கையால் சாத்த வந்தது. அங்கத்தினர்கள் தத்தம் கொட்டகைக் கதவின் உட்புறத்தை அடுத்த மழைக்கு முன்னரே ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக.