அண்டர்டேக்கருக்கு எத்தனை உயிர்?

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நிகழ்ச்சியில் வந்த அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பார்கள். ஆறு போய்விட்டது, ஒன்றுதான் பாக்கி என்று கணக்கு வைத்திருந்த கடைசி பெஞ்ச் நிபுணர் வகுப்புக்கு ஒருவராவது இருந்தார். அதே பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி, இன்று தங்கள் பிள்ளைகளிடம் "அதெல்லாம் செட்டப்புடா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டில் எது பெரிய மூடநம்பிக்கை என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன். முதலாவதாவது கண்ணால் பார்த்ததை வைத்து வந்தது.

"அண்டர்டேக்கர் செத்துச் செத்துப் பிழைத்தவர்"

அவர் பெயர் மார்க் கேலவே. டெக்சாஸ்காரர், கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். 1990 நவம்பர் 22 அன்று சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் கறுப்புத் தொப்பியும் நீண்ட கோட்டுமாக முதல்முறை நடந்து வந்தார். அதற்குப் பிறகு அவரைப் பல தடவை 'சாகடித்தார்கள்'. 1994 ராயல் ரம்பிளில் சக வீரர் யோகோசுனாவோடு ஒரு கூட்டமே சேர்ந்து அவரைச் சவப்பெட்டிக்குள் திணித்தது. பெட்டிக்குள்ளிருந்து அவர் பேசுவதையும், ஆவி எழும்பி அரங்கின் உச்சிக்குப் போவதையும் காட்டினார்கள். நிஜத்தில் மனிதருக்கு முதுகில் காயம், சில மாதம் ஓய்வு தேவைப்பட்டது. 1996-இல் மண்ணில் புதைத்தார்கள். 1998-இல் தம்பி வேடத்தில் வந்த கேன் பெட்டியோடு வைத்துக் கொளுத்தினார். 2003-இலும் 2010-இலும் மறுபடி மண். ஆளுக்கு ஓய்வு வேண்டும், அல்லது வேடத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்றால் ஒரு சாவு. மெடிக்கல் லீவுக்கு மனு எழுதிப் போடுவதைவிட இது எவ்வளவோ பார்க்க நன்றாக இருந்தது.

"அண்டர்டேக்கர் ரெண்டு பேர்டா" என்று சத்தியம் செய்த பையனை அன்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவன் சொன்னது சரி. கேலவே ஓய்விலிருந்த 1994-இல் பிரையன் லீ என்பவருக்கு அதே வேடம் போட்டு இறக்கினார்கள். அந்த ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த சம்மர்ஸ்லாமில் அசலும் நகலும் மோதின, அசல் ஜெயித்தது. அந்த நகல் அண்டர்டேக்கருக்கு இந்தியாவில் இன்னொரு வாழ்க்கை இருந்தது. 1996-இல் வந்த 'கிலாடியோன் கா கிலாடி' இந்திப் படத்தில் அக்‌ஷய் குமார் அண்டர்டேக்கரைத் தூக்கிப் போட்டதைப் பார்த்துப் பெருமைப்பட்டோமே, அவரும் பிரையன் லீதான். மார்க் கேலவேவை அக்‌ஷய் குமார் அந்தப் படத்தில் தொடவே இல்லை.

"கேன் அவருடைய தம்பி"

இல்லை. கேனாக நடித்த கிளென் ஜேக்கப்ஸ், ஸ்பெயினில் ஓர் அமெரிக்கப் படைத்தளத்தில் பிறந்தவர். முகமூடி போட்டுக்கொள்வதற்கு முன்னால் பல் டாக்டர் வேடத்தில் வந்து எடுபடாமல் போனவர். பிறகு அரசியலுக்குப் போனார்: 2018-இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ் கவுன்டிக்கு மேயரானார், 2022-இல் மறுபடியும் ஜெயித்தார். அண்ணன் தம்பியாக வந்த எட்ஜும் கிறிஸ்டியனும் நிஜத்தில் அப்படி இல்லை. ஹார்டி பாய்ஸ் நிஜமாகவே அண்ணன் தம்பி. பிரெட் ஹார்ட்டும் ஓவன் ஹார்ட்டும் அப்படித்தான்.

ராக்கும் ரோமன் ரெய்ன்ஸும் மட்டும் கொஞ்சம் சிக்கலான கணக்கு. இருவரையும் தாயாதிகள் என்றே அறிவிப்பார்கள். ராக்கின் தாத்தா பீட்டர் மைவியாவும் ரோமன் ரெய்ன்ஸின் தாத்தாவும் ஒருவரையொருவர் சகோதரர்களாக ஏற்றுக்கொண்டு உறுதி எடுத்தவர்கள். சமோவா மண்ணில் அந்த உறவுக்கு மரியாதை உண்டு. மரபணுச் சோதனையில்தான் அது தெரியாது. அதே ரெய்ன்ஸ் குடும்பத்தில் வந்தவர்தான் யோகோசுனா. ஜப்பானிய சுமோ வீரர் என்று நாம் நம்பிய அந்த மலை மனிதர் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமோவர்.

"டிரம்ப் கார்டில் போட்டிருந்ததே"

ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை, அதில் ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், சண்டை போட்டது, ஜெயித்தது. எவ்வளவு நம்பிக்கையோடு அந்த அட்டைகளை வைத்துச் சண்டை போட்டோம்! உயரமும் எடையும் விளம்பரத்துக்குச் சொல்லப்பட்டவை, கூட்டித்தான் சொல்வார்கள். ஜெயித்த கணக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1987-இல் மூன்றாவது ரெஸில்மேனியாவில் ஹல்க் ஹோகன் ஆந்த்ரே த ஜயன்ட்டைத் தூக்கி அடித்ததை, ஆந்த்ரே பதினைந்து வருடம் தோற்றதே இல்லை, அவரை யாரும் தூக்கியதே இல்லை என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆந்த்ரே அதற்கு முந்தைய வருடமே ஜப்பானில் அந்நாட்டு வீரர் இனோகியிடம் தோற்றிருந்தார். அவரைத் தூக்கி அடித்தவர்களில் ஹோகனே ஒருவர்: 1980-இல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில். ஹோகன் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும், அவருடைய புகழில் பாதி பழைய கணக்கை அழித்துவிட்டு எழுதியது என்றே எனக்குத் தோன்றும்.

அட்டையில் நாம் ஆசையாகப் பார்த்த அந்த உயரம், ஆந்த்ரேவுக்கு நோய். பிட்யூட்டரி சுரப்பி அளவுக்கு மீறி வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்ததால் வந்த உடம்பு அது. 46 வயதில் இறந்துபோனார். நம் கிரேட் காலிக்கும் அதே சுரப்பியில்தான் கட்டி. 2012-இல் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பஞ்சாப் போலீஸிலிருந்து போன தலீப் சிங் ராணா 2007 ஜூலையில் உலக ஹெவிவெயிட் பெல்ட்டை வாங்கியபோது, இந்தியன் பலத்தைக் காட்டிவிட்டான் என்று கொண்டாடினோம். பெல்ட் வைத்திருந்த எட்ஜுக்குக் காயம் பட்டதால் காலியான இடம் அது; இந்தியச் சந்தையும் ஒரு காரணம். காலியின் ஆட்டம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனால் "இவனுக்கு நடக்கவே தெரியவில்லை" என்று சிரித்தவர்கள், அந்த முட்டிகள் எதைச் சுமந்தன என்று தெரிந்துகொண்டு சிரித்திருக்கலாம்.

"ரத்தம் தக்காளி சாஸ், தரை மெத்தை"

இங்கேதான் விவரம் தெரிந்தவர்கள் சறுக்குகிறார்கள். பழைய சண்டைகளில் பார்த்த ரத்தம் பெரும்பாலும் சொந்த ரத்தம். மணிக்கட்டில் சுற்றிய பிளாஸ்திரிக்குள் பிளேடுத் துண்டு இருக்கும். அடிவாங்கிக் கவிழ்ந்து கிடக்கும்போது நெற்றியில் தானே ஒரு கீறு. நெற்றித்தோல் லேசாகக் கிழிந்தாலே கொட்டும், வியர்வையோடு சேர்ந்தால் முகம் முழுக்கப் பரவிவிடும். குழந்தைகளும் பார்க்கும் நிகழ்ச்சியாக 2008-இல் மாறியபோது டபிள்யூடபிள்யூஇ இந்த வழக்கத்தைக் கைவிட்டது. மூத்த வீரர்கள் சிலரின் நெற்றியைப் பாருங்கள், வரப்பு வெட்டிய வயல் மாதிரி இருக்கும்.

தரையோ, இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய நுரைத் திண்டு, மேலே கித்தான். விழுவதற்குத் தனிப் பயிற்சி உண்டு: முதுகின் முழுப் பரப்பும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும், தாடை நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும், கைகள் தரையை அறைய வேண்டும். வலி குறையும், இல்லாமல் போகாது. இரும்பு நாற்காலியும் இரும்புதான்.

பிட்ஸ்பர்க், 1998 ஜூன் 28. இரும்புக் கூண்டின் கூரை, சுமார் 16 அடி உயரம். அங்கிருந்து அண்டர்டேக்கர் மேன்கைண்டைத் தள்ளிவிட, அவர் வர்ணனையாளர் மேஜையை உடைத்துக்கொண்டு விழுந்தார். அது திட்டமிட்டது. மேன்கைண்டாக நடித்த மிக் ஃபோலி ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்து மறுபடி கூண்டின் மேல் ஏறினார். அண்டர்டேக்கர் கழுத்தைப் பிடித்து அடித்ததும் கூரைக் கம்பிவலை பிய்ந்துகொண்டது. அங்கிருந்து நேரே ரிங்குக்குள் விழுந்தார். இதை யாரும் திட்டமிடவில்லை. கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் மோதி, உடைந்த பல் மூக்குக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகும் எழுந்து, டிராயிங் பின்களைத் தரையில் கொட்டி, அவற்றின் மேல் தானே விழுந்து, எழுதியிருந்தபடி தோற்றார். வரலாற்றில் மிகச் சிறந்த மேட்ச் எது என்று ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். அதை நான் சொல்ல மாட்டேன், அது மேட்ச்சே இல்லை. ஆனால் "நடிப்பு" என்ற வார்த்தையை இந்தத் தொழிலைப் பற்றி யோசிக்காமல் சொல்பவரை உட்கார வைத்துக் காட்ட வேண்டிய காட்சி அதுதான்.

"ஜெயிப்பது யார் என்று முன்பே தெரியும், பிறகென்ன?"

முன்பே தெரியும் என்பது உண்மை. அது யாரோ கண்டுபிடித்து வெளியிட்ட ரகசியமும் இல்லை. கம்பெனியே 1989-இல் நியூ ஜெர்சி செனட்டில் எழுத்து மூலமாக ஒப்புக்கொண்டது: இது பொழுதுபோக்கு, விளையாட்டுப் போட்டி அல்ல என்று. விளையாட்டு என்றால் மாநில ஆணையத்தின் கண்காணிப்பு வரும், வரியும் கட்டணமும் வரும். நாம் டியூஷனுக்குக் கட் அடித்துவிட்டு "நிஜம்தான்" என்று சத்தியம் செய்ததெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆனால் முடிவை யார் எழுதுவது என்பதில் நடக்கும் சண்டை நிஜம். 1997 நவம்பரில் பிரெட் ஹார்ட் சாம்பியனாக இருந்தபடியே போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொந்த நாடான கனடாவில், ஆகவே ஆகாத ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்றார். சரி, முடிவில்லாமல் குழப்பத்தில் முடிக்கலாம் என்று பேசிவைத்தார்கள். மான்ட்ரியாலில் மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே முதலாளி வின்ஸ் மக்மஹோன் ரிங் ஓரமாக வந்து மணியை அடிக்கச் சொல்லிவிட்டார். பிரெட் விட்டுக்கொடுக்கவே இல்லை, பெல்ட் போய்விட்டது. அவர் முதலாளி முகத்தில் துப்பினார், பிறகு உள்ளறையில் ஓங்கிக் குத்தினார். அந்தக் குத்து எவரும் எழுதிக் கொடுத்ததல்ல. முடிவு வீரருக்கே கடைசி நேரத்தில் தெரிவதும் உண்டு. அண்டர்டேக்கரின் ரெஸில்மேனியா கணக்கு 21-0 என்றிருந்தபோது, 2014-இல் பிராக் லெஸ்னர் அதை முடித்தாரே, தான் தோற்கப் போவது அண்டர்டேக்கருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மேட்ச்சில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தோல்வி எழுதியது, ஆஸ்பத்திரி எழுதாதது.

"அடிபட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்"

டபிள்யூடபிள்யூஇ வீரர்கள் அதன் ஊழியர்கள் இல்லை, ஒப்பந்தக்காரர்கள். மருத்துவக் காப்பீடு அவரவர் பாடு. தலையில் நாற்காலியால் அடிப்பதை 2010-இல்தான் நிறுத்தினார்கள். அதற்கு மூன்று வருடம் முன்னால் கிறிஸ் பென்வா மனைவியையும் மகனையும் கொன்று தானும் செத்த பிறகு, அவர் மூளையைச் சோதித்த மருத்துவர்கள் அதில் கடுமையான சிதைவைக் கண்டிருந்தார்கள்.

1999 மே 23, கான்சாஸ் சிட்டி. ஓவன் ஹார்ட்டை அரங்கின் கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிட்டு ரிங்கில் இறக்குவதாகத் திட்டம். கொக்கி கழன்று சுமார் 78 அடி கீழே விழுந்தார். அந்த நேரம் டிவியில் பதிவு செய்த பேட்டி ஓடிக்கொண்டிருந்ததால் வீட்டிலிருந்தவர்கள் பார்க்கவில்லை. அரங்கிலிருந்தவர்களில் பலர் பொம்மை என்றோ விளையாட்டின் பகுதி என்றோ நினைத்தார்கள். இது நிகழ்ச்சியில் சேர்ந்ததல்ல என்று வர்ணனையாளர் ஜிம் ராஸ் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. அன்றிரவு கடைசி மேட்ச்சில் ஸ்டீவ் ஆஸ்டினை வென்று பெல்ட்டை வாங்கியவர் அண்டர்டேக்கர். ஓவனின் குடும்பம் வழக்குத் தொடுத்து சுமார் 1.8 கோடி டாலருக்குச் சமரசமானது. அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்க வேண்டும் என்று ரசிகர்கள் வருடா வருடம் கேட்கிறார்கள். மனைவி மார்த்தா இன்றுவரை சம்மதிக்கவில்லை.