ஒன்பது மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவே

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. அங்கன்வாடியில் ஆர்டர் கிடைத்த சேதி வந்தது, சந்தோஷம். பாட்டும் கதையும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இங்கே எழுதுவது, பெரியவர்களின் கை வேறு வேலையில் இருக்கும் நேரத்தைப் பற்றி. சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது.

வங்காளதேசத்தில் இதைக் கணக்கெடுத்தே பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு குட்டை உள்ள ஊர்கள் அவை. அங்கே சின்னப் பிள்ளைகள் அதிகம் மூழ்கிப்போவது காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையில்: அப்பா வயலில், அம்மா அடுப்படியில். அதற்காகவே 'ஆஞ்சல்' என்ற கிராமத்துக் காப்பகங்கள் வந்தன. ஊர்ப் பெண் ஒருவர், உதவிக்கு இன்னொருவர், ஒரு வீட்டுக் கூடம், அந்த நாலு மணி நேரம். 2013 முதல் 2015 வரை பல்லாயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, காப்பகத்தில் சேர்ந்த பிள்ளைகள் மூழ்கி இறப்பது 88 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. விலை கூடிய கருவி எதுவும் இல்லாமல் நடந்தது இது. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார்; சாத்தி வைக்கக் கதவு இருந்தது.

வாய்க்கால் பயம் நம் காவிரிக்கரைத் தாய்மார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாளியைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை. அரை வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழும் ஒன்றரை வயதுப் பிள்ளையால் எழவும் முடியாது, கத்தவும் முடியாது. பாத்திரம் கழுவியதும் வாளியைக் கவிழ்த்துவிடும்படி ஆயாம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடு.

அடுத்தது தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில், மதிய உணவு சமைத்த கொட்டகையில் பிடித்த தீ மாடி வகுப்பறையின் கீற்றுக்கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. அப்படிப்பட்ட கூரைகள் இன்று பள்ளிகளில் பெரும்பாலும் இல்லை. ஆனால் வாசலை அடைத்துக் கிடக்கும் அரிசி மூட்டைகளுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. சாம்பார் இறக்கும் நேரத்தில் ஒருவர் அடுப்படியில் என்றால் மற்றவர் பிள்ளைகளோடு. செல்போனில் எடையும் வருகையும் பதிவதெல்லாம் பிறகு. மேலிடத்தில் கோபித்தால் கோபிக்கட்டும்.

தட்டம்மை வேறு விதமான ஆள். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். "அம்மை போட்டிருக்கு" என்று தாய் வந்து சொல்வதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே தடுப்பூசி அட்டையைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்: 9 மாதம் முடிந்ததும் ஒரு ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. அந்த இரண்டாவதைத்தான் மறந்துவிடுவார்கள்.

கை கழுவுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2005இல் வெளியான கராச்சி ஆய்வொன்றில், சோப்பு கொடுத்துக் கழுவப் பழக்கிய வீடுகளில் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களின் வயிற்றுப்போக்கும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் நிமோனியாவும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. வெறும் தண்ணீரில் நனைத்த கை கணக்கில் சேராது.

வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உப்பு ஏறிப் பிள்ளை இன்னும் துவண்டுபோகும். முழு லிட்டர் தண்ணீர் வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். சுகாதார நிலையத்தில் தரும் துத்தநாக மாத்திரை 14 நாள். போக்கு நின்றாலும் நிறுத்தக் கூடாது.

காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நடவுக்கு ஓடும் தாயைத் திட்டாதே. போகாவிட்டால் அவருக்கு அன்றைய கூலி இல்லை. பிள்ளையைத் தள்ளிப் படுக்கவைத்து, பாட்டியையோ அத்தையையோ வரச் சொல்லலாம். எல்லா வீட்டு போன் நம்பரையும் சுவரில் எழுதி வை, கூடவே ஆம்புலன்ஸுக்கு 108.

அன்புடன்,
பெரியம்மா