பிள்ளையை யாரிடம் விட்டுப் போகிறீர்கள்?



போச்சம்பள்ளி சிப்காட்டில் தாயும் தகப்பனும் ஷிப்டு வேலைக்குப் போகிற வீடுகளில், கைப்பிள்ளையை அடுத்த வீட்டில் விட நேரிடுகிறது. "தெரிந்தவர்தானே" என்றிருந்துவிட வேண்டாம். பிள்ளைகளைக் கெடுத்தவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்களே. பார்த்துக்கொள்ளும் அம்மாள் நல்லவராயிருக்கலாம். அவ்வீட்டுக்கு வந்துபோகிறவர் யார் யாரென்று விசாரித்தீர்களா? ஒருநாள் சொல்லாமல் சீக்கிரமே போய்ப் பாருங்கள். அவ்வாசலைக் கண்டதும் பிள்ளை அழுதால், அடமென்று அதட்டாமல் காரணம் கேளுங்கள்.

14 வயது நிரம்பாத சிறுமியைச் சம்பளத்துக்கு வைப்பது குற்றம். அவளும் ஒரு பிள்ளையல்லவா!

50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் பிள்ளைக் காப்பகம் வேண்டும், தாய் தினம் 4 முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. கூச்சப்படாமல் கேளுங்கள். பிள்ளைக்கு ஆபத்தென்று சந்தேகம் தோன்றினால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.