பிப்ரவரியா, ஏப்ரலா? வெளிநாட்டுப் பயணத்துக்குத் தேதி குறிக்கும் முன் மூணு காலண்டரைப் பாருங்க



எங்க ஊர் பழவேற்காடு. 1613-ல டச்சுக்காரங்க இங்க கட்டின கெல்டிரியா கோட்டை இப்போ புதர் மண்டிக் கிடக்கு. அவங்க கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. வாசல்ல எலும்புக்கூடு செதுக்கின அந்த இடத்தைப் பார்த்தே வளர்ந்தவன் என் சித்தப்பா பையன். "இவங்க எந்த ஊர்ல இருந்து வந்தாங்க?" என்பது அவனோட சின்ன வயசுக் கேள்வி.

இப்போ அவனுக்குச் சென்னையில வேலை, வருஷச் சம்பளம் எட்டரை லட்சம். போன வாரம் போன் பண்ணான்: "அண்ணா, நெதர்லாந்து போகலாம்னு இருக்கேன். 2026 பிப்ரவரி கடைசின்னா பேக்கேஜ் 1,80,000. ஏப்ரல் நடுவுலன்னா 2,30,000. எப்போ போறது?"

50,000 மிச்சம்னு உடனே பிப்ரவரியைச் சொல்லிடலாம். ஆனா விலை மட்டும் பார்த்து முடிவு பண்ற விஷயம் இல்ல இது. மூணு காலண்டரைப் பார்க்கணும்.

1. போற ஊரோட காலண்டர்

பிப்ரவரி கடைசி அங்கே குளிர்கால வால். பகல்லயே 6, 7 டிகிரிதான். வெளிச்சம் பத்தரை மணி நேரம். டூலிப் தோட்டங்கள் பூக்காது. அதனாலதான் விலை குறைவு. ஏப்ரல் நடுவுல பகல் 14 மணி நேரத்தை நெருங்கும், பூ முழுசா மலர்ந்திருக்கும், கூட்டமும் விலையும் ஏறும். மார்ச் கடைசி ரெண்டுங்கெட்டான்: கியூகன்ஹோஃப் தோட்டம் திறந்திருக்கும், ஆனா வெளியில டூலிப் பூத்திருக்கும்னு உறுதி இல்ல.

நான் அவன்கிட்ட கேட்டேன்: "நீ போறது பூவுக்கா, அந்த ஊருக்கா?" பூவுக்குன்னா பிப்ரவரி டிக்கெட் எவ்வளவு சல்லிசா இருந்தாலும் நஷ்டம்தான். அவனுக்கு வேண்டியது பழைய துறைமுகங்களும் மியூசியங்களும். அதுக்கு பிப்ரவரி போதும்.

2. உங்க வீட்டு காலண்டர்

சித்தப்பா காசிமேட்டுல விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கடலுக்குப் போகாது, பங்கும் வராது. அந்த ரெண்டு மாசமும் இவன் வீட்டுக்குக் கூடுதலா 20,000 அனுப்பணும்.

கையில சேமிப்பு 3,60,000. விசா, கைச்செலவுக்கு 40,000 வைப்போம். 2025-26 ரேட்படி பேக்கேஜ் மேல 5% டிசிஎஸ்.

பிப்ரவரி: 1,80,000 + 9,000 + 40,000 = 2,29,000. மீதி 1,31,000. தடைக்காலத்துக்கு 40,000 போக 91,000.

ஏப்ரல்: 2,30,000 + 11,500 + 40,000 = 2,81,500. மீதி 78,500. தடைக்காலம் போக 38,500.

அவனோட மாசச் செலவு 35,000. அதாவது ஏப்ரல்ல போயிட்டு வந்தா, ஒரு மாசத்துக்கு மேல சம்பளம் நின்னாலே கடன் வாங்கணும். உங்க வீட்டுல இந்த இடத்துல தங்கச்சி காலேஜ் ஃபீஸோ, வாடகை அட்வான்ஸோ இருக்கலாம். அதை முதல்ல எழுதுங்க.

3. வருமான வரி காலண்டர்

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. 2025-26 நிதியாண்டுல வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 10 லட்சம் வரை 5%, அதுக்கு மேல 20% டிசிஎஸ் பிடிச்சாங்க. இது செலவு இல்ல, உங்க பேர்ல முன்கூட்டியே கட்டின வரி. ஆனா எந்த வருஷக் கணக்குல வரும்? பயணத் தேதியை வெச்சு இல்ல, பணம் கட்டின தேதியை வெச்சு. மார்ச் 31-க்குள்ள கட்டினா, 2026 ஜூலைக்குள்ள ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் கேட்கலாம். ஏப்ரல் 2-ல கட்டினா, அந்தப் பணத்துக்கு 2027 ரிட்டர்ன் வரைக்கும் காத்திருக்கணும். அதனால ஏப்ரல்ல போறவங்களும் பாக்கியை மார்ச்லயே கட்டிடறது நல்லது. பிப்ரவரி பட்ஜெட்ல ரேட் மாறுதான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

சம்பளத்துல டிடிஎஸ் பிடிக்கிறாங்களா? 2024 அக்டோபர் 1 முதல், ஃபார்ம் 12பிஏஏ-ல இந்த டிசிஎஸ்ஸை உங்க ஆபீஸ்ல காட்டலாம். அந்த அளவுக்கு டிடிஎஸ் குறையும்.

புதிய முறையில 12,75,000 வரை சம்பளத்துக்கு வரி இல்லைன்னு ரிட்டர்ன் போடாம விடாதீங்க. போடலைன்னா டிசிஎஸ் திரும்பி வராது. ஏஜென்ட்கிட்ட சரியான பான் நம்பர் கொடுங்க, பிறகு 26ஏஎஸ்-ல ஏறியிருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு: எல்டிஏ விலக்கு இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான்.

கடைசியா விசா

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். குறைஞ்சது 15 நாள் முன்னாடி கொடுத்திருக்கணும். கட்டணம் 90 யூரோ, நிராகரிச்சா திரும்ப வராது. பேக்கேஜ் பணத்துல எவ்வளவு திரும்பக் கிடைக்கும்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் அட்வான்ஸ் கட்டுங்க.

தம்பி பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்துட்டான். "டூலிப் பார்க்க அம்மாவோட இன்னொரு தடவை போறேன் அண்ணா"ன்னான். அதுக்குன்னு மே மாசத்துல இருந்து, தடைக்காலம் ஆனாலும், மாசம் 3,000-க்கு ஒரு ஆர்டி போடச் சொல்லியிருக்கேன்.

நீங்களும் ஒரு பேப்பர் எடுத்து மூணு காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. எந்த மாசம்னு தானா தெரியும்.