பழந்துப்பாக்கியும் அதன் இணையுறுப்புகளும்

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளின்மீது குண்டு பொழிந்தது. அக்குண்டுகளில் ஒன்றன் சிதறிய துண்டு, 1948-இல் திறக்கப்பெற்ற கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. இராயபுரம், திருவொற்றியூர் வாழ் மாணவர் எளிதிற் சென்று காணலாம். அது முழுக்குண்டாக இல்லையே என்று எவரும் வருந்துவதில்லை. வேறு துண்டுகளை ஒட்டி அதை முழுமையாக்கினால் அதன் சான்று கெடும் என்பது வெளிப்படை. எனினும் பழைய படைத்துப்பாக்கிகளைச் சேகரிப்போர் சிலர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர். ஆதலின் அவர்கள் பெரிதும் விரும்பும் 'இணை' என்பது யாது என ஈண்டு ஆராய்வோம்.

இந்தியப் படைவீரர் இரு உலகப் போர்களிலும் ஏந்திய லீ-என்பீல்டு ரைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்றாம் மாதிரி 1907-இல் ஏற்கப்பெற்றது. பத்துத் தோட்டாக்கள் கொள்வது. இங்கிலாந்திலன்றிக் கல்கத்தாவையடுத்த இஷாப்பூரிலும் அது செய்யப்பட்டது. அடிக்கட்டை பொருந்தும் இரும்புப் பகுதியின் வலப்பக்கத்தில் முடிச்சின்னமும், தொழிற்சாலையின் பெயரும், ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும்.

ஒரே வரிசையெண் குழலிலும், போல்ட்டின் கைப்பிடியிலும், குறிகாட்டித் தகட்டிலும், முனைமூடியிலும் காணப்படும். இஃது அழகுக்காகச் செய்ததன்று. தோட்டா வெடிக்கும்பொழுது அதனைப் பின்னின்று தாங்குவது போல்ட்டே. அது தன் உடற்பகுதியோடு அளவுபார்த்துப் பொருத்தப்பட்டது. வேறு ரைபிளின் போல்ட்டை மாட்டினால் இடைவெளி மிகுந்து தோட்டாவின் கூடு பிளக்கவுங்கூடும். வீரனது உயிரைக் காத்தற்பொருட்டே எண் இடப்பட்டது.

துணைப்பொருள்களின் இணை வேறு வகையினது. அடிக்கட்டையின் பித்தளைத் தகட்டிலுள்ள சிறு கதவைத் திறந்தால், உள்ளே எண்ணெய்க் குப்பியும், குழல் துடைக்கும் கயிறும் வைக்க இடமிருக்கும். இவற்றையும், தோள்வாரையும், 17 அங்குல அலகுடைய 1907-ஆம் ஆண்டு மாதிரிப் பயனெட்டையும் மாதிரியாலும் காலத்தாலும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அப்பயனெட்டின் தொடக்கக்காலக் கொக்கி 1913-இல் கைவிடப்பட்டது. பின்னாளில் இந்தியாவில் 12 அங்குல அலகுடையனவும் செய்யப்பட்டன. ஆகவே 1940-க்குப் பிற்பட்ட இஷாப்பூர் ரைபிளோடு கொக்கியுடைய பயனெட்டைச் சேர்த்து வைத்தல், பேரனுக்குப் பாட்டனின் தலைப்பாகையைச் சூட்டுதல் போலாம்.

இனி எண் பொருந்தாத ரைபிள் குறையுடையதோ? அன்று. பழுதுபார்க்கும் பணிமனைகளில் உறுப்புகள் மாற்றப்படுதல் இயல்பு. பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண் பொறித்திருப்பின், அம்மாற்றமும் படைத்துறையின் கையெழுத்தேயாம். இஷாப்பூரில் செப்பனிடப்பட்ட பலவற்றின் முன்கட்டையில், மரம் பிளவாதிருக்கக் குறுக்கே ஓர் ஆணி திருகப்பட்டிருக்கும். அதனை அகற்றித் துளையை அடைப்பவர், துப்பாக்கியை மீட்பவரல்லர்; அதன் வரலாற்றில் ஓர் ஏட்டைக் கிழிப்பவரே. புதிதாக எண் பொறித்துப் பழையதெனக் காட்டுதலோ வெறும் பொய்.

மற்றொன்று: சட்டத்தை மறத்தலாகாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி, சுடத்தக்க துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம். லீ-என்பீல்டின் .303 தோட்டா படைத்துறைக்குரியதாதலின், அதன் குழலளவு தடைசெய்யப்பட்ட வகையினது; எளிதில் உரிமம் கிட்டாது. பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருள்களுக்கு அச்சட்டத்தில் விலக்குண்டு. ஆயினும், அவ்விலக்கு பொருந்துமா என்பதை அதிகாரிகளிடம் முன்னரே கேட்டறிதல் நன்று.

எனவே மாணவருக்கு உகந்த சேகரிப்பு, ஓர் எண்ணெய்க் குப்பி, ஒரு தோள்வார், ஒரு குறிப்பேடு ஆகியவற்றோடு தொடங்கலாம். கண்ட முத்திரையைக் கண்டவாறே எழுதி, பொருந்தாததைப் பொருந்தாததென்றே குறித்துவைப்போமாயின், அதுவே மெய்யான இணையாம்.